அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பு

என் மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரை 2003 தீபாவளிக்கு முந்தைய வாரம் திண்டுக்கல்லில் அசெம்பிள் செய்து வாங்கினேன். பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ். இன்டெல் 845 சிப்செட் போட்ட மதர்போர்டு. 512 எம்பி ரேம். வத்தலக்குண்டு வழியாக மலையேறிய பஸ்ஸில் மானிட்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கேபினட் என் கால்களுக்கு நடுவில், ஹார்டு டிஸ்க்கை மட்டும் தனியாகக் கழற்றி வாங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த 40 ஜிபி சீகேட் பாராகுடா இன்றைக்கும் ஓடுகிறது. ஓடும் சத்தமே கேட்காது.

நான் கொடைக்கானலில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். முதலில் தோளில் தூக்கி வைக்கும் பானசோனிக் எம்-9000. முழு அளவு விஎச்எஸ் கேசட்டே அதற்குள் போகும். பிறகு சோனி பிடி-170, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மினிடிவி கேசட். மூஞ்சிக்கல், நாயுடுபுரம், வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் என்று போகாத ஊர் இல்லை. இப்போது கல்யாணங்களுக்குப் போவதில்லை. டிரோனும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் அதை நன்றாகவே செய்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் வேறு. மஞ்சப்பையில் இரண்டு கேசட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணே, நீங்க எடுத்ததுதான். வீட்ல டெக் வீணாப்போயி பத்து வருசமாச்சு. போன்ல பாக்குற மாதிரி மாத்தித் தர முடியுமாண்ணே?" என்பார்கள்.

அந்த வேலை இந்தப் பழைய பெட்டியால்தான் எனக்கு ஒழுங்காக முடிகிறது. அதனால் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன்.

கீழே மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கம்ப்யூட்டருக்கு எதிரி வெயிலும் தூசியும். இங்கே ஈரம். ஆடி மாதம் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் துணி காயாது. பீரோவில் இருக்கும் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். பெல்ட்டில் படர்வது கேசட்டில் படராதா? ரீலின் ஓரத்தில் மாவு தூவியது போல் ஒட்டிக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்குள் அது வேறு வேலை செய்கிறது. கனெக்டர் பின்களில் மெல்லிய கறை படிகிறது; கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரத்துக்குத் தெரியும்.

இதற்கு நான் கண்ட வழி பழைய காலத்து வழிதான். கேசட் வைத்திருக்கும் மர அலமாரியின் அடித்தட்டில் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு மழைக்காலம் முழுக்க எரியும். உள்ளே காற்று மூன்று நான்கு டிகிரி சூடாக இருந்தாலே ஈரம் படியாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு வராது. குண்டு பல்பு இப்போது கடைகளில் அபூர்வம். கண்ட இடத்தில் இரண்டு மூன்று சேர்த்து வாங்கிவிடுவேன். கம்ப்யூட்டரை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அரைமணி நேரம் ஓட விடுகிறேன். அதன் சொந்தச் சூட்டிலேயே அது காய்ந்துகொள்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, சித்திரையில், எல்லாக் கார்டையும் கழற்றித் தங்கமுலாம் பூசிய விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மறுபடி செருகுவேன்.

"இவ்வளவு உயரத்தில் ஹார்டு டிஸ்க் ஓடுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஹார்டு டிஸ்க்கில் தகவலைப் படித்து எழுதும் ஹெட், தகவல் இருக்கும் தட்டைத் தொடுவதில்லை. தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும்போது கூடவே இழுபடும் காற்றின் மேல், ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத இடைவெளியில், மிதக்கிறது. டிஸ்க்கின் மேல்மூடியில் "இதை அடைக்காதே" என்று எழுதிய சின்னத் துளை இருக்கும்; உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க அதுதான் வழி. காற்று மெலிந்தால் ஹெட் தாழும். அதனால்தான் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி, என்று வரம்பு வைக்கிறார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆகவே நம் மாநிலத்தில் எந்த மலை உச்சியில் வைத்தும் தைரியமாக ஓட்டலாம்.

சரி, ஏன் இந்தப் பெட்டிதான் வேண்டும்? மூன்று வருடம் முன்பு என் மகன், "அப்பா, இத வச்சு லேப்டாப்லயே பண்ணிருங்க" என்று யுஎஸ்பியில் செருகும் ஒரு சின்னக் குச்சியை ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். ஆசையோடு அனுப்பியது. முதல் கேசட் மூன்று மணி நேரம். முகூர்த்தம் கேசட்டின் பிற்பாதியில் வருகிறது. திரையில் தாலி கட்டி முடித்து மாப்பிள்ளை கையை எடுத்த பிறகு கெட்டிமேளம் கேட்கிறது! கேசட்டைத் தொடக்கத்தில் பார்த்தால் படமும் ஒலியும் சரியாக இருந்தன. போகப் போக விலகியிருக்கின்றன.

காரணம் இதுதான். விஎச்எஸ் டேப்பில் இருந்து வரும் சிக்னல் ஒருபோதும் சீராக இருக்காது. டேப் நீண்டிருக்கும், சுருங்கியிருக்கும், இரண்டு ரெக்கார்டிங் சேரும் இடத்தில் படம் ஒரு கணம் உருளும். அந்த இடங்களில் அந்தக் குச்சி பிரேம்களை விட்டுவிடுகிறது. விட்டதைக் கணக்கும் வைப்பதில்லை. ஒலி மட்டும் விடாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அது போதாதென்று படத்தை எண்ணும் கடிகாரமும் ஒலியை எண்ணும் கடிகாரமும் வேறு வேறு. இரண்டுக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே மூன்று மணி நேரத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும்.

என் பெட்டியிலும் கடிகாரம் இரண்டுதான். படம் வருவது டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் பிடிக்கும் கேப்சர் கார்டு வழியாக; புரூக்ட்ரீ பிடி878 சிப் போட்ட பிசிஐ கார்டு அது. ஒலி வருவது சவுண்டு பிளாஸ்டர் லைவ் கார்டின் நீல நிற லைன்-இன் துளை வழியாக. ஆனால் இரண்டும் இருபது வருடமாக ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருப்பவை. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விலகும் என்று ஒருமுறை அளந்து குறித்து வைத்துவிட்டேன். அந்த விலகல் மாறுவதே இல்லை, அதனால் பிறகு அதே அளவுக்குச் சரிசெய்துவிடலாம். விர்ச்சுவல்டப் மென்பொருள் எத்தனை பிரேம் தவறியது என்று கூடவே எண்ணிக் காட்டும். தவறிய பிரேம் பத்தைத் தாண்டினால் டேப்பை முதலில் இருந்து மறுபடி ஓட்டுவேன். கேட்டு வந்தவர் வீட்டில் அது ஒரே ஒரு கல்யாணம். கெட்டிமேளம் தாலியோடு சேர்ந்துதான் விழ வேண்டும்.

சவுண்டு கார்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மதர்போர்டிலேயே ஏசி'97 ஒலி இருக்கிறது. அதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் மவுஸை நகர்த்தும்போது ஒரு கீச்சொலி, ஹார்டு டிஸ்க் படிக்கும்போது இன்னொரு கரகரப்பு. போர்டில் ஓடும் மின்சாரத்தின் சத்தமெல்லாம் ஒலிக்குள் கசிகிறது. தனிக் கார்டில் அது இல்லை. சவுண்டு பிளாஸ்டர் லைவில் இருக்கும் இஎம்யு10கே1 சிப் உள்ளுக்குள் எல்லாவற்றையும் 48,000 ஹெர்ட்ஸில்தான் கையாளும். 44,100-ல் பதிவு செய்யச் சொன்னால் அது மாற்றித்தான் தரும். எனவே 48,000-லேயே பதிவு செய்யுங்கள். வீடியோவுக்கும் அதுதான் பொருந்தும். அப்புறம், டெக்கின் வயரை இளஞ்சிவப்பு மைக் துளையில் செருகி, "சவுண்டு கிழிஞ்சு வருதுண்ணே" என்று போன் செய்கிறவர்கள் உண்டு. மைக் துளை மெல்லிய சிக்னலைப் பெருக்குவதற்காக வைத்தது. டெக்கில் இருந்து வருவது அதற்குத் தாங்காது. நீலம்தான்.

2009-இல் ஒரு உறுமல் சத்தம் வந்து என்னை இரண்டு மாதம் வாட்டியது. எல்லாப் பதிவிலும் அடியில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். வயரை மாற்றினேன், டெக்கை மாற்றினேன், கார்டை அடுத்த ஸ்லாட்டில் போட்டேன். கடைசியில் வீட்டு எர்த்தைப் பார்த்த எலக்ட்ரீஷியன், "அண்ணே, கம்பி பாறை மேல சும்மா நிக்குது" என்றார். எங்கள் தெருவில் இரண்டடி தோண்டினால் பாறை. வீட்டுக்குப் பின்னால், கேரட் போடும் பக்கம், மண் ஆழமாக இருக்கும் இடத்தில் புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினார். டெக்கையும் கம்ப்யூட்டரையும் ஒரே பிளக் பாயிண்டில் இருந்து எடுக்கவும் சொன்னார். அன்று சாயங்காலம் ஹெட்போனில் கேட்ட அமைதியை என்னால் மறக்க முடியாது. கோடைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊற்றுவதை இன்றுவரை விட்டதில்லை.

டிஸ்க்கில் பிடிக்கும் இடத்தின் கதை வேறு. நம் ஊர் கேசட்டுகளின் பிஏஎல் முறைப் படம் 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 பிரேம். சுருக்காமல் அப்படியே எழுதினால் விநாடிக்கு 20.7 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி. ஹஃப்யுவ் என்ற கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், தரம் குறையாமலே அதை ஏறக்குறையப் பாதியாக்கும். அப்படியும் டிஸ்க் ஒரு கணம்கூடத் தயங்காமல் எழுதியாக வேண்டும். இங்கேதான் ஈரம் மறுபடி வந்தது. ஒரு மழைக்காலத்தில் திடீரென்று பிரேம்கள் நூற்றுக்கணக்கில் தவற ஆரம்பித்தன. கம்ப்யூட்டரே சேற்றில் நடப்பது போல் இருந்தது. பார்த்தால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ஐடிஇ கேபிளின் முனையில் கறை. அனுப்பும் தகவலில் பிழை. விண்டோஸ் எக்ஸ்பி இப்படிப் பிழைகள் சேரச் சேர டிஸ்க்கின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ என்ற பழைய முறைக்கு இறக்கிவிடும். தகவலைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறது. ஆனால் கேபிளைச் சரி செய்தாலும் அது தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்தால்தான் யுடிஎம்ஏ என்ற வேகமான முறை திரும்பி வரும். கேபிள் வாங்கும்போது இழைகளையும் எண்ணிப் பாருங்கள். பின் 40-தான், ஆனால் கம்பி 80 இருக்க வேண்டும். கம்பிக்குக் கம்பி நடுவில் ஒரு எர்த் கம்பி ஓடினால்தான் வேகம் விநாடிக்கு 33 எம்பியைத் தாண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது என் பிழை. 2005-இல் 160 ஜிபி டிஸ்க் ஒன்று சேர்த்திருந்தேன். 2007-இல் வைரஸ் வந்து, கைக்குக் கிடைத்த பழைய சிடியை வைத்து எக்ஸ்பியை மறுபடி போட்டேன். சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு எதுவும் இல்லாத முதல் சிடி அது. ஐடிஇ டிஸ்க்குகளின் பழைய ஏடிஏ கணக்கில் டிஸ்க்கின் கட்டங்களை எண்ண 28 பிட்தான். 26 கோடியே 84 லட்சம் கட்டம், கட்டத்துக்கு 512 பைட், மொத்தம் 137 ஜிபி. அதைத் தாண்டிய இடத்துக்கு எண்ணே கிடையாது. 48 பிட் கணக்கு 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-இல்தான் எக்ஸ்பிக்குச் சேர்ந்தது. என் டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. 137-க்கு மேல் எழுத வேண்டியதை அது சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிட்டது. கோப்புகளின் அட்டவணையே போயிற்று. பாதி மிக்ஸிங் முடித்திருந்த ஒரு கல்யாணம் அதில் இருந்தது. செலவு மிச்சம் என்று மினிடிவி கேசட்டை அதற்குள் அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அழித்து எடுத்துவிட்டேன். வரவேற்பு முழுக்கப் போய்விட்டது. பெண் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் பணத்தை வாங்கவில்லை. "விடுப்பா, கல்யாணம் நல்லா நடந்துச்சுல்ல" என்றார். அன்றிலிருந்து ஒரு கேசட்டையும் அழித்து எடுத்ததில்லை. இன்று யாராவது இந்தக் காலத்துப் பெட்டியில் பெரிய ஐடிஇ டிஸ்க் மாட்டப்போவதாகச் சொன்னால் முதலில் கேட்கும் கேள்வி, எந்த சர்வீஸ் பேக் என்பதுதான்.

2008-இல் மதர்போர்டின் கன்டென்சர்கள் உப்பின. 2000-களின் தொடக்கத்தில் வந்த எத்தனையோ போர்டுகளுக்கு நேர்ந்ததுதான். உள்ளே இருக்கும் திரவம் சரியில்லை. வத்தலக்குண்டில் ஒரு ரேடியோ மெக்கானிக் ஆறு கன்டென்சரை மாற்றிக் கொடுத்தார். அதே மைக்ரோபாரட், 105 டிகிரி தாங்கும் ரகம். அதற்குப் பின் தொல்லை இல்லை.

வீடியோ கார்டு ஜிபோர்ஸ்4 எம்எக்ஸ் 440, 64 எம்பி, வீடியோ கார்டுக்கென்றே இருக்கும் ஏஜிபி ஸ்லாட்டில். விளையாட்டுக்காரர்கள் அப்போதே இதை மதிக்கவில்லை. எனக்கு வேண்டியது அதன் பின்னால் இருக்கும் வட்டமான எஸ்-வீடியோ துளை. அதில் இருந்து ஒரு வயர் பழைய 21 அங்குல டியூப் டிவிக்குப் போகிறது. அந்த டிவி இல்லாமல் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன். கேசட் படத்தின் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதி. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். விஎச்எஸ்ஸில் இருந்து பிடிக்கும் பிஏஎல் படத்தில் மேல் பாதி முதலில் வரும். மினிடிவி கேசட்டில் இருந்து வருவதில் கீழ்ப் பாதி முதலில் வரும். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் தெரியாது. டியூப் டிவியில் போட்டுப் பார்த்தால் மாலை மாற்றும் கை முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டி நடுங்கும். பூம்பாறைத் தேர் நகரும் காட்சியில் தேர் ஓரடி முன்னே, அரையடி பின்னே என்று குதிக்கும். வாங்கிப்போகிறவர்களுக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. "என்னமோ கண்ணு வலிக்குதுண்ணே" என்பார்கள். நான் டிவியில் பார்க்காமல் ஒரு கோப்பும் கொடுப்பதில்லை.

ஏஜிபி கார்டு மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 845 போர்டுக்கு 1.5 வோல்ட் கார்டுதான். பழைய 3.3 வோல்ட் கார்டு பொருந்துவது போல் தெரிந்தாலும் செருகாதீர்கள், போர்டே போய்விடும்.

பூஞ்சைக் கேசட்டுகளை நேராக நல்ல டெக்கில் போடவும் கூடாது. டெக்கின் டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. பூஞ்சை அந்த ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக் கேசட்டுக்கும் போகும். முதலில் கேசட்டை வாரக்கணக்கில் பல்பு அலமாரியில் காய வைப்பேன். பூஞ்சை காய்ந்து பொடியானதும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, முற்றத்தில் உட்கார்ந்து, கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி ரீலை எடுத்துத் துடைத்து, சுத்தமான வேறு ஓட்டுக்குள் போடுவேன். முதல் ஓட்டத்துக்கென்றே ஒரு பழைய டெக் தனியாக இருக்கிறது. அதில் இரண்டு முறை முன்னும் பின்னும் ஓடிய பிறகுதான் நல்ல டெக்குக்குப் போகும்.

மினிடிவிக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. கேமராவில் இருந்து ஃபயர்வயர் கார்டுக்கு ஒரே வயர். படமும் ஒலியும் ஏற்கனவே எண்களாகத்தான் டேப்பில் இருக்கின்றன, அப்படியே டிஸ்க்குக்கு இறங்கும். மணிக்கு 13 ஜிபி. தை மாதம் ஒரு தங்கச்சி வந்தார். 2006 ஆவணியில், குறிஞ்சி பூத்த வருடம், நான் எடுத்த கல்யாணம் அவருடையது. மறுநாள் அவர்களை மலைச்சரிவுக்குக் கூட்டிப்போய் எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சரிவு முழுக்க ஊதா, காற்றில் மைக் படபடக்கும். 2018-இல் மறுபடி பூத்தபோது பிள்ளைகளோடு அதே இடத்துக்குப் போனார்களாம். "முதத் தடவ நீயும் அப்பாவும் நின்னத காட்டும்மான்னு மக கேக்குறாண்ணே" என்றார். அவர் கொண்டுவந்த டிவிடி தேய்ந்து ஓடவில்லை. 2007-க்குப் பின் எதையும் அழிக்காததால், அப்போது கையில் மிஞ்சியிருந்த சில மினிடிவி கேசட்டும் என் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. தேடினேன். இருந்தது.

முதல் ஓட்டத்தில் பதினான்காவது நிமிடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஹெட்டைத் துடைத்து இரண்டாம் முறை ஓட்டினேன். உடைப்பு குறைந்தது, வேறு இடத்துக்கு நகர்ந்தது. மூன்றாம் முறை வேறு கேமராவில். ஒரு ஓட்டத்தில் கெட்ட பிரேமை இன்னொரு ஓட்டத்தின் நல்ல பிரேமால் மாற்றி, முழுதாக ஒட்டினேன். இரண்டு ராத்திரி வேலை. டியூப் டிவியில் ஓடவிட்டு அந்தத் தங்கச்சியை உட்கார வைத்தேன். காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ சொல்கிறார், காற்றுச் சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை. "என்ன சொன்னீங்கம்மா?" என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. சிரித்தார், சொல்லவில்லை.

நாளைக்கு மன்னவனூரில் இருந்து நான்கு விஎச்எஸ் வருகிறது. இரண்டில் வெள்ளையாக இருக்கிறது என்று போனில் சொன்னார். அலமாரியில் மேல்தட்டைக் காலி செய்து, பல்பைப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.